நிலக்காட்சியும் நிலத்துக்குரியோரும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓவியக்கலை. அதிலும் தைலவண்ணத்தில் நிலக்காட்சி தீட்டும் கலை. அதற்கு எடுத்துக்காட்டாக நாம் தேர்ந்திருப்பது ஒரு பழம்பெரும் கோல்ஃப் திடல். இதைக் கேட்டதும் இளைஞர் சிலர் முகத்தில் புன்னகை தோன்றுவதைக் காண்கின்றோம். உதவித்தொகை பற்றியும் விடுதி பற்றியும் வேலைவாய்ப்புப் பற்றியும் பேசவேண்டிய மேடையில், செல்வச் சீமான்கள் மட்டை வீசும் புல்வெளிக்கு என்ன இடம் என்று அவர்கள் வினவக்கூடும். முறையான வினாவே அது.

நம் விடை இதுதான். ஒரு நிலம் யாருக்குச் சொந்தம் என்பதைப் பத்திரம் கூறுகிறது. அந்நிலத்தில் யார் வாழ்ந்தார், யார் உழைத்தார் என்பதை ஓவியமும் கூறுகிறது. பத்திரத்தில் ஒரு பெயர் விடுபட்டால் உரிமை போகிறது. ஓவியத்தில் ஓர் உருவம் விடுபட்டால் நினைவு போகிறது. நினைவு போன பின்பு உரிமையைக் கேட்க நாவெழுவதில்லை. ஆதலின் நிலக்காட்சி தீட்டுவது எப்படி என்று கற்கும்போதே, நிலத்துக்குரியோரைக் காண்பது எப்படி என்றும் கற்றல் வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

கடற்கரைப் புல்வெளி

கோல்ஃப் என்னும் குழிப்பந்தாட்டம் ஸ்காட்லாந்து நாட்டுக் கடற்கரையில் வளர்ந்தது. கடலுக்கும் கழனிக்கும் இடையே ஏர் ஓட்ட உதவாத மணல்மேடுகள் அங்கே உண்டு. குட்டையான புல் முளைத்து, ஆடு மேய்ந்து, முயல் வளை தோண்டி, காற்று அரித்து மேடுபள்ளமான நிலம் அது. செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் அத்தகைய நிலம் ஊர்ப்பொதுவாக இருந்தது. அதில் ஆடவும், முயல் வளர்க்கவும், புற்கரண் வெட்டவும் ஊர்மக்களுக்கு உரிமை உண்டென்பதை 1552-ஆம் ஆண்டில் அங்கிருந்த பேராயர் ஜான் ஹாமில்டன் எழுத்து மூலம் உறுதி செய்தார். சீமான்களின் ஆட்டம் என்று நாம் இன்று எண்ணும் ஒன்றன் தொட்டில், ஊரார் அனைவரும் கால்வைக்க உரிமை பெற்ற பொதுநிலம் என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

அந்தத் திடலைத் தைலவண்ணத்தில் தீட்டிய ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. சார்ல்ஸ் லீஸ் என்னும் ஸ்காட்லாந்து ஓவியர் 1847-இல் முடித்த 'கோல்ஃப் ஆடுவோர்' என்னும் படம் அது. ஏறத்தாழ ஏழடி அகலமுள்ள அப்படம் இன்று ஸ்காட்லாந்து நாட்டின் தேசிய ஓவியக்கூடத்தின் உடைமைகளுள் ஒன்று. குழியை நோக்கிப் பந்து உருண்டு செல்லும் ஒரு கணம். சுற்றிலும் கனவான்கள் கழுத்தை நீட்டிப் பார்க்கின்றனர். ஆனால் அவர்கள் மட்டும் அங்கே இல்லை. மட்டைகளைக் கட்டாக அக்குளில் இடுக்கிய பணியாளர்கள் நிற்கின்றனர். இஞ்சிப் பானம் விற்கும் பெண்ணும் நிற்கிறாள். பந்து குழியில் விழுமா என்ற ஆவலை எல்லா முகங்களிலும் ஓவியர் எழுதியிருக்கிறார். சீமான்களே அப்படத்தின் நடுநாயகம் என்பதில் ஐயமில்லை. எனினும் உழைப்போர்க்கும் அங்கே முகம் உண்டு.

இதை ஓர் அளவுகோலாகக் கையில் வைத்துக்கொண்டு, அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி வேறொரு திடலுக்குச் செல்வோம். நம் பாடம் உண்மையில் அங்கேதான் இருக்கிறது.

ஷின்னகாக் குன்றுகள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்ட் என்றொரு நீண்ட தீவு உண்டு. பனியூழிக் காலத்துப் பனிப்பாறைகள் தள்ளிக்கொண்டு வந்து விட்டுச்சென்ற மண்ணும் மணலும் அத்தீவின் நடுவே குன்றுகளாகக் கிடக்கின்றன. அவற்றின் கிழக்குப் பகுதியில் சவுத்தாம்ப்டன் என்னும் ஊருக்கு அருகே உள்ளவை ஷின்னகாக் குன்றுகள். வடக்கே ஒரு விரிகுடா, தெற்கே ஒரு விரிகுடா, அதற்கும் அப்பால் பெருங்கடல். எந்நேரமும் காற்று. மரம் அரிது; தாழ்ந்த புதரும் உயர்ந்த புல்லும் மிகுதி.

அக்குன்றுகளின் பெயர் அங்கு வாழ்ந்த தொல்குடி மக்களின் பெயர். மீன் பிடித்தும், சிப்பி எடுத்தும், பயிரிட்டும் வாழ்ந்தவர் ஷின்னகாக் மக்கள். 1640-இல் ஆங்கிலேயர் அங்கே குடியேறினர். சிறிது சிறிதாக நிலம் கைமாறியது. 1703-இல் குன்றுகளும் அவற்றையடுத்த நிலமுனையும் சேர்ந்த ஏறத்தாழ 3,600 ஏக்கர் நிலம் ஷின்னகாக் மக்களுக்கே 1,000 ஆண்டுக் குத்தகையாக எழுதித் தரப்பட்டது. தம் நிலத்துக்குத் தாமே குத்தகைதாரர் ஆன விந்தையை எண்ணிப் பாருங்கள். அந்த 1,000 ஆண்டு 156 ஆண்டுகளில் முடிந்தது. 1859-இல் மாநிலச் சட்டமன்றத்தின் இசைவோடு குத்தகை முறிக்கப்பட்டது. அதற்காகக் காட்டப்பட்ட விண்ணப்பத்தில் இருந்த கையொப்பங்கள் பொய்யானவை என்று அம்மக்கள் தொடர்ந்து கூறிவருகின்றனர். குன்றுகள் பறிபோயின, ஏறத்தாழ 800 ஏக்கர் பரப்புள்ள நிலமுனை மட்டும் அவர்களிடம் எஞ்சியது. 1870-இல் இருப்புப்பாதை வந்தது. பின்னே நியூயார்க் நகரத்துச் செல்வர்கள் கோடைக்கால மாளிகை கட்ட வந்தனர்.

1891-இல் அக்குன்றுகளின்மீது ஷின்னகாக் கோல்ஃப் கழகம் நிறுவப்பட்டது. 1892-இல் ஸ்டான்ஃபோர்ட் வைட் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி குன்றின் உச்சியில் கழக மனை எழுந்தது. திடலை அமைத்த கைகள் யாருடையவை? பறிகொடுத்த மக்களின் கைகளே. புதர் வெட்டி, மேடு சரித்து, குழி பறித்துத் திடலை உருவாக்கியவர்கள் ஷின்னகாக் ஆடவர். திடலைப் பின்னர் விரிவுபடுத்திய வில்லி டன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், அங்கிருந்த தொல்குடியினரின் புதைமேடுகளுள் சிலவற்றை ஆட்டத்துக்குத் தடைகளாக அப்படியே விட்டதையும், சிலவற்றைச் சுரண்டி மணற்குழிகளாக்கியதையும் பிற்காலத்தில் தாமே எழுதிவைத்தார். முன்னோரைப் புதைத்த மேட்டைக் கூலிக்கு வெட்டுகின்ற நிலை ஒரு மக்கட்கூட்டத்துக்கு நேர்ந்தது.

நம் நாட்டவர்க்கு ஓர் ஆண்டுக் கணக்கை இங்கே நினைவூட்டுவோம். செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த ட்ரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, நம் மக்களுக்கு நிலம் வழங்கச் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்ததும் அதே 1892-இல்தான். பஞ்சமி நிலம் என்று நாம் அழைக்கும் அந்நிலங்கள் கைமாறிய கதையை அறிந்தவர்க்கு, ஷின்னகாக் கதையை விரித்துரைக்கத் தேவையில்லை.

ஓவியப் பள்ளி

கோல்ஃப் கழகம் தோன்றிய அதே 1891-இல் அதே குன்றுகளில் ஒரு கோடைக்கால ஓவியப் பள்ளியும் தோன்றியது. அதன் ஆசிரியர் வில்லியம் மெரிட் சேஸ். 1849-இல் பிறந்து 1916-இல் மறைந்த சேஸ், ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஓவியம் பயின்றவர். அன்றைய அமெரிக்காவின் முன்னணி ஓவிய ஆசிரியர். மாணவர்களுள் பெரும்பான்மையோர் பெண்கள். திங்கட்கிழமையில் மாணவர் படங்களைப் பெரிய சுழல்பலகையில் ஏற்றி அனைவர் முன்னும் திறனாய்வு செய்வார். செவ்வாய்க்கிழமையில் வெட்டவெளியில் நின்று நேரிலே கற்பிப்பார். 1902 வரை அப்பள்ளி நடைபெற்றது. அதை ஏற்படுத்த முன்னின்றோருள் சாமுவேல் பாரிஷ் என்ற செல்வரும் ஒருவர். கோல்ஃப் கழகத்தை ஏற்படுத்தியோருள்ளும் அவர் ஒருவர். எனவே அங்கே திடலும் ஓவியமும் ஒரே கொடையில் வளர்ந்தவை.

வெட்டவெளியில் தைலவண்ணம் தீட்டுவது எப்படி இயலுமாயிற்று என்பதையும் சொல்லவேண்டும். முற்காலத்தில் ஓவியர் வண்ணத்தை அரைத்துக் குழைத்துப் பன்றியின் நீர்ப்பையில் கட்டி வைப்பர். அதைத் தூக்கிக்கொண்டு காடுமேடு திரிய இயலாது. 1841-இல் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர், பிதுக்கினால் வண்ணம் வெளிவரும் தகரக் குழாயைக் கண்டுபிடித்தார். இன்று நாம் பல் துலக்கும் பசையைப் பிதுக்கும் குழாய்க்கு அதுவே மூதாதை. ஓவியர் தம் அறையை விட்டுக் கதிரவனின் கீழ் வந்து நிற்க அச்சிறு கருவி வழிசெய்தது.

சேஸ் அக்குன்றுகளைத் தீட்டிய படங்கள் அழகானவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பரந்த வானம், வெண்மணல் தடம், காற்றில் சாய்ந்த புல், அதனிடையே வெள்ளாடை அணிந்த அவருடைய மனைவியும் மகள்களும், ஒரு தொப்பியிலோ நாடாவிலோ ஒரு துளிச் சிவப்பு. 'ஓய்வு நேரம்', 'பேபெர்ரிப் புதர்' முதலியன இவ்வகையில் பெயர்பெற்றவை. கற்போர் இவற்றைப் பார்த்துப் படியெடுத்துப் பழகலாம், பழகவும் வேண்டும். ஆனால் அப்புகழ்பெற்ற படங்களில் ஷின்னகாக் மக்களைத் தேடிப் பாருங்கள். காணமாட்டீர்கள். அவர்கள் சில கல் தொலைவில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அதே குன்றுகளில் கூலிவேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆயினும் படத்தில் நிலம் வெறுமையாக, யாருக்கும் உரிமையற்றதாக, ஓய்வெடுப்போர்க்கென்றே இயற்கை படைத்ததாகக் காட்சி தருகிறது.

சேஸ் தீய நோக்கத்தோடு இதைச் செய்தார் என்று நாம் சொல்லவில்லை. தம் கண்முன் இருந்த தம் குடும்பத்தை அவர் அன்போடு தீட்டினார். அவருடைய கண் பழகிய வழி அது. அதனால்தான் வேறு கண்களும் ஓவியத்துக்கு வரவேண்டும் என்று நாம் வற்புறுத்துகின்றோம்.

தீட்டும் முறை

இனிக் கைத்தொழிலுக்கு வருவோம். தூரிகை பிடிக்கத் தெரியாதவன் நியாயம் பேசினால் அது படமாகாது. ஷின்னகாக் திடலையோ அதுபோன்ற வேறொரு நிலத்தையோ தீட்ட விரும்பும் இளைஞர் கடைப்பிடிக்கவேண்டிய முறைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூறுகின்றோம்.

முதலாவது, நேரம். நண்பகலில் கதிரவன் தலைக்கு மேல் நிற்கும்போது மேடுபள்ளமான நிலம் தட்டையாகத் தோன்றும். காலையிலும் மாலையிலும் கதிர் சாய்வாக விழும்போதுதான் ஒவ்வொரு மேடும் தன் நிழலைக் காட்டும். கோல்ஃப் திடலின் உயிர் அதன் ஏற்ற இறக்கத்தில் இருப்பதால், சாய்ந்த ஒளியே அதற்கு ஏற்றது. அவ்வொளி விரைவில் மாறிவிடும். ஆகவே நிழலின் எல்லைகளை முதலிலேயே குறித்துவிட்டு, பின்பு அவற்றை மாற்றாதிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, தளம். பிரேமில் இழுத்துக் கட்டிய கான்வாஸுக்கு வெள்ளைப் பூச்சுக் கொடுத்து, அது உலர்ந்தபின் மெல்லிய காவி நிறத்தால் முழுவதையும் தடவிவிடுங்கள். வெள்ளைத் தளத்தின்மீது எந்த நிறமும் கருமையாகத் தோன்றிக் கண்ணை ஏமாற்றும். காவித் தளத்தில் ஒளியும் நிழலும் தம் உண்மை அளவில் தெரியும். பச்சையின் இடையிடையே அக்காவி சிறிது வெளித்தெரிந்தால் மண்ணின் வெப்பம் படத்தில் நிற்கும்.

மூன்றாவது, பச்சை. கற்போர் பெரும்பாலும் குழாயிலிருந்து பச்சையைப் பிதுக்கி அப்படியே பூசிவிடுகின்றனர். அது சுவருக்கு அடித்த வர்ணம் போல இருக்கும். அல்ட்ராமரின் நீலத்தோடு மஞ்சள் காவியைக் கலந்து பச்சையை நீங்களே உண்டாக்குங்கள். மிகுந்து கத்தும் பச்சையைச் சிறிது சிவப்பு அடக்கும். ஏனெனில் சிவப்பும் பச்சையும் எதிர் நிறங்கள். கலந்தால் ஒன்றையொன்று தணிக்கும், அருகருகே நின்றால் ஒன்றையொன்று தூண்டும். சேஸின் படங்களில் அந்த ஒரு துளிச் சிவப்பு இருக்கும் காரணம் இதுவே. திடலின் குழியருகே பறக்கும் சிறு கொடிக்கும் அவ்வாற்றல் உண்டு. ஷின்னகாக் திடலில் கோடை முதிர்ந்ததும் உயரமான புல் பொன்னிறமாகப் பழுத்துவிடும். வெட்டிய புல்லின் பச்சையையும் வெட்டாத புல்லின் பொன்னையும் பிரிக்கும் எல்லைக்கோடே அந்நிலத்தின் வடிவம்.

நான்காவது, தொலைவு. அருகே உள்ளது தெளிவாகவும் வெப்பமாகவும் இருக்கும். தொலைவில் செல்லச் செல்ல இடையே உள்ள காற்றும் ஈரமும் நிறத்தை வெளுக்கச் செய்து நீலத்தை ஏற்றும். கடலோரத்தில் இது இன்னும் மிகுதி. தூரத்து மேட்டில் அடர்பச்சையைப் பூசினால் அது அருகே ஓடிவந்து நிற்கும்.

ஐந்தாவது, தைலத்தின் இயல்பு. நீர்வண்ணத்தில் நீர் ஆவியாகி உலர்கிறது. தைலவண்ணம் அவ்வாறன்று. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த பூச்சு இறுக நெடுநாள் ஆகும். ஆதலின் முதற்பூச்சில் டர்பன்டைன் மிகுதியாகவும் எண்ணெய் குறைவாகவும், மேற்பூச்சுகளில் எண்ணெய் கூடுதலாகவும் இருக்கவேண்டும். முறை மாறினால் மேற்பரப்பு முதலில் இறுகி, அடியில் உள்ளது பின்னர் இறுகும்போது படம் வெடிக்கும். அடிப்பூச்சு உறுதியாக இருந்தாலன்றி மேற்பூச்சின் பகட்டு நிலைக்காது. படம் முடிந்தபின் வார்னிஷ் பூச ஆறு மாதமேனும் பொறுத்திருங்கள்.

ஒன்றை இங்கே கூறாதிருக்க இயலவில்லை. மஞ்சள் காவி, செங்காவி, சியன்னா, அம்பர் ஆகிய இந்நிறங்கள் தோன்றிய இடம் நிலமே. தோண்டி எடுத்து, கழுவி, அரைத்து, எண்ணெயில் குழைத்த மண் அவை. செங்காவி பெற அம்மண்ணைச் சுடுவதும் உண்டு. மண்ணைக் கொண்டே மண்ணைத் தீட்டுகின்றோம். மண்ணோடு தலைமுறை தலைமுறையாகப் பழகிய நம் மக்களுக்கு இக்கலை அயலானது என்று யார் சொல்ல முடியும்?

தொடுவானத்தின் சட்டம்

இனி உருவங்களை நிலத்தில் நிறுத்தும் முறை. இதில் நம் இளைஞர் கருத்தூன்றிக் கேட்கவேண்டிய ஒரு சட்டம் உண்டு.

ஓவியன் நின்றுகொண்டு பார்க்கும்போது அவன் கண் மட்டமே படத்தின் தொடுவானக் கோடு. சமதரையில் அவனை ஒத்த உயரமுள்ள மனிதர் எத்தனை பேர் நின்றாலும் அவர்கள் அனைவருடைய கண்களும் அந்த ஒரே கோட்டில்தான் விழும். ஒருவர் பத்தடித் தொலைவில் நிற்கலாம், மற்றொருவர் நூறடித் தொலைவில் நிற்கலாம். கால்கள் மேலும் கீழுமாக மாறும். கண் மட்டம் மாறாது. ஆடுகின்ற கனவானும், அவர் மட்டையைச் சுமக்கும் பணியாளும், தொலைவில் புல் வெட்டும் உழைப்பாளியும் ஒரே கோட்டில் கண்ணுக்குக் கண் நிற்பர்.

பழைய அரண்மனைச் சுவரோவியங்களில் அரசனைப் பேருருவாகவும் ஏவலரைச் சிற்றுருவாகவும் தீட்டும் வழக்கம் இருந்தது. அங்கே உருவத்தின் அளவைத் தகுதி வரையறுத்தது. கண்மட்டச் சட்டத்தில் அளவை வரையறுப்பது தொலைவு ஒன்றே. அச்சட்டத்துக்குப் பிறப்பும் பட்டமும் தெரியா. அதை மீறி ஒருவரைக் கூனவைத்தாலோ சிறிதாக்கினாலோ அது ஓவியன் செய்யும் செயலேயன்றி இயற்கை செய்ததாகாது.

சென்னைக் கடற்கரையில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையைக் காணாதவர் நம்மில் இல்லை. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி, பாறையை நெம்பும் நால்வரைக் காவியத் தலைவர்களாக்கிக் காட்டினார். உழைப்பவன் உருவம் பெருங்கலைக்குரிய பொருள் என்பதை அச்சிலை நாள்தோறும் பறைசாற்றுகிறது. நிலக்காட்சியிலும் அதைச் சாதிக்க இயலும்.

தீட்டப்பட வேண்டிய ஒரு படம்

இச்சட்டத்தைக் கையாள்வதற்கு ஒரு பொருளை உங்கள்முன் வைக்கின்றோம். 1896 ஜூலை 18-ஆம் நாள், ஷின்னகாக் திடலில் அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டி நடைபெற்றது. அப்போட்டியின் வரலாற்றில் அது இரண்டாவது முறை. ஆடவந்தோருள் இருவர் தனித்து நின்றனர். ஒருவர் ஆஸ்கார் பன்; ஷின்னகாக் குடியைச் சேர்ந்தவர். மற்றவர் ஜான் ஷிப்பன். 16 வயதுக் கறுப்பின இளைஞர். அவருடைய தந்தையார் கிறித்தவப் போதகராக ஷின்னகாக் மக்களிடையே பணியாற்ற வந்தவர். திடலில் மட்டை சுமந்தே ஆட்டத்தைக் கற்றவர் ஷிப்பன்.

இவ்விருவரும் ஆடினால் தாங்கள் ஆடமாட்டோம் என்று பிற ஆட்டக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். கோல்ஃப் சங்கத்தின் தலைவராயிருந்த தியடோர் ஹேவ்மேயர், அவ்விருவர் மட்டுமே ஆடினாலும் போட்டி நடந்தே தீரும் என்று விடையிறுத்ததாக வரலாறு கூறுகிறது. எதிர்த்தோர் வாய்மூடி ஆடினர். ஷிப்பன் முதற்சுற்றை 78 அடிகளில் முடித்து முன்னணியினருள் ஒருவராக நின்றார். இரண்டாம் சுற்றில் 13-ஆம் குழியில் பந்து மணற்பாதை ஒன்றில் விழுந்துவிட, அந்த ஒரு குழிக்கே 11 அடிகள் செலவாயின. முடிவில் 159 அடிகளோடு போட்டியை முடித்தார். வென்றவர் 152 அடிகளில் முடித்த ஜேம்ஸ் ஃபவுலிஸ். அந்த மணற்பாதை மட்டும் குறுக்கிடாதிருந்தால் முடிவு எப்படியிருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அன்று திறந்த கதவு திறந்தபடியே இருக்கவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் 1934-இல் வெள்ளையர்க்கே உறுப்பினர் உரிமை என்று விதி வகுத்து, 1961-இல்தான் அதை நீக்கியது. ஷிப்பன் 1968-இல் மறைந்தார். அச்சங்கம் அவருக்கு உறுப்பினர் தகுதி அளித்தது 2009-இல். ஷின்னகாக் மக்களோ 2005-இல் தம் குன்றுகளைக் கேட்டு வழக்குத் தொடுத்தனர்; அவர் கேட்ட 3,600 ஏக்கரில் அக்கோல்ஃப் திடலும் அடங்கும். மிகக் காலம் கடந்துவிட்டது என்னும் காரணத்தால் வழக்கு தள்ளுபடியாயிற்று. 2010-இல் அமெரிக்க நடுவண் அரசு அவர்களை ஒரு தனிக்குடியாக முறைப்படி ஏற்றுக்கொண்டது. அத்திடலில் அமெரிக்க ஓபன் போட்டி 2018 வரை ஐந்து முறை நடந்துள்ளது. உலகமே அதன் அழகைப் புகழ்கிறது. புகழ்வோருள் எத்தனை பேர் அம்மக்களை அறிவர்?

இளைஞர்களே, அந்த 1896-ஆம் ஆண்டுக் காட்சியைத் தைலவண்ணத்தில் அமைத்துப் பாருங்கள். குன்றின் உச்சியில் புதிய கழக மனை சிறிதாக நிற்கட்டும். அதற்குத் தொலைவின் நீலத்தைக் கொடுங்கள். நடுவே வெள்ளை மணற்பாதை படத்தைக் குறுக்கே வெட்டட்டும். அதன்மேல் மட்டையை ஓங்கியபடி அந்த 16 வயது இளைஞர். சற்றுத் தள்ளி ஆஸ்கார் பன். ஓரத்தில் மண்வெட்டியை ஊன்றி நிற்கும் ஷின்னகாக் முதியவர் ஒருவர். இத்திடலின் ஒவ்வொரு மேட்டையும் அவர் கை அறியும். எல்லோருடைய கண்களும் ஒரே கோட்டில். சிவப்பு வேண்டுமெனில், தொலைவில் பறக்கும் கொடியில் ஒரு துளி போதும்.

நம் கடமை

ஓவியம் சோறு போடுமா என்று பெற்றோர் கேட்பதை நாம் அறிவோம். சென்னையில் 1850-இல் தொடங்கிய ஓவியப் பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. குடந்தையிலும் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. அங்கே நம் பிள்ளைகளுக்கு இடஒதுக்கீடு உண்டு. அதைக் கேட்டுப் பெறுவதில் தயக்கம் வேண்டா. பாடநூலுக்குப் படம் வரைதல், அச்சகம், விளம்பரம், பள்ளி ஓவிய ஆசிரியர் பணி எனப் பிழைப்புக்கும் வழி உண்டு. சங்கம் தன் உதவித்தொகைப் பட்டியலில் ஆண்டுக்கு ஓர் ஓவிய மாணவனையோ மாணவியையோ சேர்த்துக்கொள்ளுமாறு ஆட்சிக்குழுவினரை இம்மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கின்றோம். கான்வாஸும் வண்ணமும் விலைமிக்கவை. அட்டையில் பூச்சுக் கொடுத்து நான்கே வண்ணங்களோடு தொடங்கலாம்.

நம் ஊர்களிலும் ஏரிக்கரையும், களத்துமேடும், சுடுகாட்டுப் பாதையும், சேரியின் நுழைவாயிலும் தீட்டப்படாமலே இருக்கின்றன. ஊர்க்காட்சி என்று நாட்காட்டிகளில் வருவனவற்றில் கோபுரம் இருக்கிறது, தென்னை இருக்கிறது, வண்டிமாடு இருக்கிறது. நம் தெரு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் அதைச் சேர்க்கவேண்டிய கை நம்முடையது. அழுகுரலாக மட்டும் சேர்க்கவேண்டா. மாலை வெயில் நம் கூரையின்மீதும் அதே பொன்னிறத்தில்தான் விழுகிறது.

சங்கம் 25 ஆண்டுகளில் நமக்கு எழுத்தைக் கொடுத்தது. மனு எழுதக் கற்றோம், சட்டம் படிக்கக் கற்றோம். அடுத்த 25 ஆண்டுகளில் தூரிகையையும் கைக்கொள்வோமாக. நிலத்தைக் கூர்ந்து காண்போம். அதில் நின்றவரை நிற்க வைப்போம்.